நின்றுபோன ஊர்க்காவல் கில்டை மறுபடி எழுப்புவது எப்படி? வட பிராபன்ட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

நெதர்லாந்தின் வட பிராபன்ட் மாகாணத்தில், ஐந்தோவனுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நாங்கள் குடிவந்த முதல் குளிர்காலத்தில் எதிர்வீட்டுப் பெரியவர் இறந்துபோனார். அடக்கத்தன்று தேவாலய வாசலில் இருபது பேர் ஒரே மாதிரி பழங்கால உடையில் வரிசையாக நின்றார்கள். முரசின் மேல் கறுப்புத் துணி போர்த்தியிருந்தது, அதனால் சத்தம் மண்ணுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. ஒருவர் பெரிய கொடியைச் சவப்பெட்டியின் முன்னால் மெதுவாகச் சுழற்றிக் கடைசியில் தரைவரை தாழ்த்தினார். பக்கத்தில் நின்ற அம்மாவிடம் "பட்டாளத்தில் இருந்தவரா?" என்று கேட்டேன். "இல்லை, ரொட்டிக்கடை வைத்திருந்தார். எங்கள் கில்டு" என்றார்.

ஐந்தோவன் சுற்றுவட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. வேலை, பிள்ளைகளின் பள்ளி, சனிக்கிழமை இந்தியக் கடை, பொங்கல் விழா என்று வருடங்கள் ஓடிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாமலே வீடு மாற்றிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊருக்குள் நுழைய ஒரு வாசல் வேண்டும் என்பவர்களுக்கும், தங்கள் ஊரில் எப்போதோ நின்றுபோன கில்டை, அதாவது ஒரு காலத்தில் ஊரைக் காத்த ஊர்க்காரர்களின் சங்கத்தை, மறுபடி நடத்தலாமே என்று உள்ளூர்க்காரர்கள் பேசும்போது "நானும் வரட்டுமா?" என்று கேட்கத் தயங்குபவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எங்கள் ஊர்க் கில்டில் சேர்ந்து, பிறகு பக்கத்து ஊரில் நின்றுபோன ஒன்றை எழுப்பும் வேலையிலும் கூட நின்றதில் நான் கற்றது ஒன்றுதான். உடையிலிருந்து தொடங்கினால் கில்டு நிற்காது. ஒருவருக்கொருவர் என்ன கடமை என்பதிலிருந்து தொடங்கினால் நிற்கும்.

முதல் படி: இது எதற்காக இருந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

டச்சு மொழியில் ஸ்ஹுட்டரை, ஸ்ஹுட்டர்ஸ்கில்டு என்று சொல்வார்கள். ஸ்ஹுட்டர் என்றால் எய்பவர், சுடுபவர். இடைக்காலத்தில் ஃபிளாண்டர்ஸ், பிராபன்ட், ஹாலந்து நகரங்களுக்கு நிரந்தரப் படை கிடையாது. மதிலைக் காப்பதும், இரவில் ரோந்து போவதும், கலவரம் என்றால் கூடுவதும், தீப்பிடித்தால் ஓடுவதும் ஊர்க்காரர்களே. குறுக்குவில் எய்பவர்கள் பெரும்பாலும் புனித ஜார்ஜைக் காவல் புனிதராகக் கொண்டார்கள், நெடுவில் எய்பவர்கள் புனித செபஸ்தியானை. துப்பாக்கி வந்த பிறகு கிளோவெனியர்ஸ் என்ற துப்பாக்கிக்காரர்களின் கில்டுகள் வந்தன. அவரவர் ஆயுதத்தை அவரவரே வாங்க வேண்டும். பயிற்சி நடந்த இடத்துக்கு டூலன் என்று பெயர், இலக்குகள் என்று பொருள். ராட்டர்டாமில் இன்றைக்கு இசையரங்குக்கு டி டூலன் என்று பெயர் இருப்பது இதனால்தான்.

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் ரெம்ப்ராண்டின் 'இரவுக் காவல்' ஓவியத்தைப் பார்த்திருப்பீர்கள். காப்டன் பிரான்ஸ் பானிங் கொக்கின் கீழிருந்த ஊர்க்காவல் பிரிவுதான் அதில் இருப்பது. 1642இல் முடிந்த அந்த ஓவியம் துப்பாக்கிக்காரர்களின் டூலன் மண்டபத்தில் மாட்டுவதற்காக வரையப்பட்டது. படத்தில் இடம்பெற்றவர்கள் ஆளுக்குச் சுமார் 100 கில்டர் கொடுத்தார்கள் என்று அவர்களில் சிலரே பின்னாளில் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். வெளிச்சத்தில் நிற்கும் சிறுமியின் இடுப்பில் ஒரு கோழி தொங்கும். அதன் கால் நகங்களைக் கவனியுங்கள், கிளோவெனியர்ஸ் கில்டின் அடையாளம் அந்த நகம்தான். ஹார்லெமின் பிரான்ஸ் ஹால்ஸ் ஊர்க்காவல் அதிகாரிகளின் விருந்துகளை வரைந்தவர். அவரே 1612 முதல் 1624 வரை அந்த ஊர் புனித ஜார்ஜ் காவலில் உறுப்பினராக இருந்தார்.

இந்தப் பெருமையின் மறுபக்கத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆயுதம் வாங்க வசதியில்லாத ஏழைக்கு அங்கே இடம் இல்லை. ஆயுதம் எடுக்க மறுத்த மென்னோனைட் கிறிஸ்தவர்கள் அதற்குப் பதிலாகப் பணம் கட்டினார்கள். ஆம்ஸ்டர்டாமில் யூதர்களைச் சேர்க்கவில்லை. பழையதை எழுப்புகிறோம் என்றால் எதை எழுப்புகிறோம், எதை விட்டுவிடுகிறோம் என்பதை முதல் கூட்டத்திலேயே பேசிவிடுவது நல்லது.

பெரிய நகரங்களின் ஊர்க்காவல் படிப்படியாக அரசின் கைக்குப் போனது. 1827இல் ஒரு சட்டம் அதை அரசு அமைப்பாக்கியது, 1907இல் அது முழுக்கக் கலைந்தது. பிராபன்ட்டிலும் லிம்பர்க்கிலும் கதை வேறு. இங்கே காவல் வேலை கழன்றுபோன பிறகும் கில்டு நின்றது. விருந்து, ஊர்வலம், குறிபார்த்தல், இறந்தவரைச் சுமந்து போதல் என்று அது உயிரோடிருந்தது. 1648க்குப் பிறகு பிராபன்ட்டில் கத்தோலிக்கர்கள் வெளிப்படையாக வழிபட முடியாத காலத்தையும் தாண்டி வந்த கில்டுகள் உண்டு. 1935இல் இவை சேர்ந்து வட பிராபன்ட் கில்டுகளின் கூட்டமைப்பை உருவாக்கின. அதன் கீழ் 6 வட்டாரங்கள், அவற்றை கிரிங் என்பார்கள். உங்கள் ஊர் கெம்பன்லாண்டிலா, பேல்லாண்டிலா, ஓய்ர்ஸ்ஹொட் பகுதியிலா, மாஸ்லாண்டிலா, கைக் பகுதியிலா, பரோனி பக்கமா என்று பார்த்து வையுங்கள். பிறகு எல்லாவற்றுக்கும் அந்த வட்டாரத்து ஆட்கள்தான் துணை.

இரண்டாம் படி: ஒரு வருடம் பாருங்கள்

நேராகப் போய் "கில்டு தொடங்கலாமா?" என்று கேட்காதீர்கள். முதலில் உயிரோடிருக்கும் ஒரு கில்டை ஒரு வருடம் கவனியுங்கள். கிரிங்டாஹ் என்று வட்டார விழா நடக்கும். பல ஊர்க் கில்டுகள் ஒரே நாளில் ஊர்வலம் வந்து கொடி வீசுவதிலும், முரசடிப்பதிலும், எக்காளம் ஊதுவதிலும், குறிபார்ப்பதிலும் போட்டி போடும். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். காலையிலேயே போய்விடுங்கள், ஊர்வலம் தொடங்கும் முன் உடை சரிசெய்துகொண்டிருக்கும்போதுதான் மனிதர்கள் நிதானமாகப் பேசுவார்கள். அவர்கள் அணிந்திருக்கும் வெள்ளிப் பட்டயங்களைக் காட்டி "இது எந்த வருடம்?" என்று கேட்டால் போதும், அரை மணி நேரம் பேசுவார்கள். டச்சு அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, டச்சிலேயே கேளுங்கள். பிராபன்ட் பேச்சுவழக்கு முதலில் புரியாது. இரண்டு மூன்று முறை கேட்டால் காது பழகிவிடும்.

முடிந்தால் ஜூலை முதல் ஞாயிறு லிம்பர்க் பக்கம் போய் ஓ-எல்-எஸ் என்கிற பழைய லிம்பர்க் சுடும் விழாவைப் பாருங்கள். நெதர்லாந்து லிம்பர்க், பெல்ஜிய லிம்பர்க் இரண்டும் சேர்ந்து நடத்துவது. உயரமான கம்பத்தின் உச்சியில் வரிசையாக வைத்த சிறு மரக்கட்டைகளை ஆறாறு பேர் கொண்ட அணிகள் கனத்த துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தும். ஒரு கட்டை தவறினாலும் ஊரே மூச்சை இழுத்துக்கொள்ளும். பெல்ஜியத்தின் புருஹ் நகரில் புனித செபஸ்தியான் கில்டு இன்றும் தன் பழைய மாளிகையில் இயங்குகிறது. இங்கிலாந்திலிருந்து நாடுகடந்து அங்கே தங்கியிருந்த காலத்தில் இரண்டாம் சார்லஸ் மன்னர் அதில் உறுப்பினரானார். வெளியூரிலிருந்து வந்து தங்கியவரைச் சேர்த்துக்கொள்வது இவர்களுக்குப் புதிதில்லை என்று உள்ளூரில் யாராவது தயங்கினால் இதைச் சொல்லலாம்.

இந்த ஒரு வருடத்தில் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். யார் நாற்காலி அடுக்குகிறார், யார் பணம் எண்ணுகிறார், உடல்நிலை சரியில்லாதவர் வீட்டுக்கு யார் போகிறார் என்று எழுதுங்கள். கில்டு நடப்பது அவர்களால்தான். மேடையில் நிற்பவர்களை எழுதி வைக்க வேண்டியதில்லை, அவர்கள் படம் செய்தித்தாளில் வந்துவிடும்.

மூன்றாம் படி: நின்றுபோன கில்டைத் தேடுங்கள்

உங்கள் ஊரில் முன்பு ஒரு கில்டு இருந்ததா? பெரும்பாலும் இருந்திருக்கும். ஆனால் "இருந்திருக்கும்" என்பது போதாது, சான்று வேண்டும். கூட்டமைப்பில் சேர விரும்பினால் வரலாறு கேட்பார்கள். எனவே எந்த மாதிரிச் சான்றை ஏற்பார்கள் என்பதை வட்டார நிர்வாகிகளிடம் முதலிலேயே கேட்டுவிட்டுத் தேடத் தொடங்குங்கள்.

தேட வேண்டிய இடங்கள் சில உண்டு. டென் போஸில் பி-ஹெச்-ஐ-சி என்ற பிராபன்ட் வரலாற்று ஆவணக் காப்பகம், ஐந்தோவனில் ஆர்-ஹெச்-சி-இ என்ற வட்டார வரலாற்று மையம், மேற்குப் பக்கம் என்றால் பெர்ஹன் ஓப் சோமிலுள்ள காப்பகம். அங்கே கில்டு என்ற பெயரில் தனிக் கட்டு இருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் நகராட்சிக் கணக்குப் புத்தகங்களைக் கேளுங்கள். விருந்து நாளில் கில்டுக்கு இத்தனை பீப்பாய் பீர் என்று ஊர்ப் பணத்திலிருந்து கொடுத்த கணக்கு எழுதியிருப்பார்கள். பீர்க் கணக்கை நம்பலாம், பணம் போன இடத்தை எழுத்தர்கள் மறக்கமாட்டார்கள். தேவாலயக் கணக்கில் கில்டின் பீடத்துக்கு மெழுகுவத்தி வாங்கிய வரி இருக்கலாம். நிலப் பத்திரங்களில் கில்டின் வயல், கில்டின் தோட்டம் என்று எல்லை சொல்லியிருக்கலாம். தெருப் பெயர்களையும் பாருங்கள். டூலன், ஸ்ஹுட்டர், வில், கம்பம் என்ற சொற்களில் ஏதாவது ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும்.

வெள்ளிதான் பெரிய புதையல். கில்டின் சுடும் போட்டியில் வென்றவரை அரசர் என்பார்கள். ஒவ்வொரு முறை அரசராகத் தேர்வானவரும் தன் பெயரும் வருடமும் பொறித்த வெள்ளிப் பட்டயம் ஒன்றைக் கில்டுக்குக் கொடுப்பது வழக்கம். பட்டயத்தில் தன் தொழிலைப் பொறிப்பார்கள், கொல்லர் சுத்தியலை, ரொட்டிக்காரர் அடுப்பை. கில்டு நின்றபோது இந்த வெள்ளி எங்கே போனது என்று தேடுங்கள். தேவாலயத்தின் இரும்புப் பெட்டி, டென் போஸிலுள்ள நோர்ட்பிராபன்ட் அருங்காட்சியகம், கடைசி நிர்வாகியின் பேரப்பிள்ளைகள் வீட்டு அலமாரி, எங்கும் இருக்கலாம். வீடுகளுக்குப் போகும்போது கேட்கும் தொனி முக்கியம். "கொடுங்கள்" என்று கேட்காதீர்கள், "ஒருமுறை பார்க்கலாமா?" என்று கேளுங்கள். நாங்கள் போன ஒரு வீட்டில் மூதாட்டி ஒருவர் தேநீர் கொடுத்து, பழைய புகைப்படங்களை மட்டும் காட்டி அனுப்பிவிட்டார். மூன்றாவது முறை போனபோதுதான், உள்ளறையிலிருந்து துணியில் சுற்றிய மூன்று பட்டயங்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அவற்றை நாங்கள் எடுத்து வரவில்லை, படம் எடுத்துக்கொண்டோம். இரண்டு வருடம் கழித்து அவரே மகனிடம் கொடுத்தனுப்பினார்.

இந்த வேலையில் வெளியூரிலிருந்து வந்த நமக்கு ஒரு வசதி இருக்கிறது. ஊருக்குள் பழைய மனஸ்தாபங்கள் இருக்கும். இந்தக் குடும்பத்து ஆள் வந்தால் அந்த வீட்டுக் கதவு திறக்காது. நமக்கு அப்படி எந்தப் பகையும் இல்லை, எந்த வீட்டுக்கும் போகலாம். பழைய கையெழுத்தைப் படிக்க உள்ளூர் வரலாற்று ஆர்வலர் சங்கம் உதவும். ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஹெய்ம்குண்டெக்ரிங் என்று ஒன்று இருக்கிறது.

நான்காம் படி: முதலில் கடமை

இந்த இடத்தில்தான் நாங்கள் தவறினோம், அதனால் விரிவாகச் சொல்கிறேன். முதல் முயற்சியில் ஏழு பேர் கூடினோம். எல்லோருக்கும் உற்சாகம். 17ஆம் நூற்றாண்டு உடையா, 18ஆம் நூற்றாண்டு உடையா, தொப்பியில் இறகு எந்தப் பக்கம் என்று நான்கு மாதம் பேசினோம். தையலுக்கு விலை கேட்டோம், மலைத்துப் போனோம். அடுத்த குளிர்காலக் கூட்டத்துக்கு மூன்று பேர் வந்தார்கள். யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. சேர்ந்து செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லை, அதனால் வரவேண்டிய அவசியமும் இல்லாமல் போனது.

பழைய கில்டுகளின் விதிகளைப் படித்தால் குறிபார்த்தலுக்கு இணையாக இன்னொன்று வரும். உறுப்பினர் இறந்தால் எல்லோரும் அடக்கத்துக்கு வர வேண்டும், வராவிட்டால் அபராதம். இறந்தவருக்காகப் பூசையில் காணிக்கை வைக்க வேண்டும், விருந்தில் சண்டை போட்டால் அபராதம், தாமதமாக வந்தால் அபராதம். இதைச் சிரமம் என்று அவர்கள் நினைத்திருந்தால் கில்டு அத்தனை நூற்றாண்டு நின்றிருக்காது. ஊரில் மண்டகப்படி எடுக்கும் குடும்பத்திடம் அது செலவா, உரிமையா என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? அந்த மனநிலைதான் இது.

இரண்டாம் முறை ஒரு தாளில் இரண்டே கேள்வி எழுதினோம். இந்த ஊருக்கு நாம் தவறாமல் செய்யப்போகும் ஒரு வேலை எது? நமக்குள் ஒருவருக்கொருவர் தவறாமல் செய்யப்போவது எது? முதல் கேள்விக்கு, மே 4ஆம் தேதி போர் நினைவு நாளில் நினைவுத்தூணை முந்தின வாரம் சுத்தம் செய்து, அன்று மாலை ஒழுங்காக நிற்பது என்று முடிவானது. இரண்டாம் கேள்விக்கு மூன்று விஷயங்கள் முடிவாயின. யார் மருத்துவமனையில் இருந்தாலும் ஒருவர் போய்ப் பார்ப்பது, அடக்கத்துக்கு எல்லோரும் போவது, புதிதாகக் குழந்தை பிறந்த வீட்டுக்கு முதல் வாரம் இரவுச் சாப்பாடு கொண்டுபோவது. உடையே இல்லாமல் இதை ஒரு வருடம் செய்தோம். வருட முடிவில் பதினெட்டுப் பேர் இருந்தோம்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கில்டு ஊர்க்காவலாக இருந்தது என்பதற்காக இன்றைக்கு ரோந்து போகும் கூட்டமாக அதை மாற்றக் கூடாது. தெருமுனைகளில் வாட்ஸ்அப் குழு என்று பலகை வைத்த அக்கம்பக்கக் கண்காணிப்பு ஏற்கெனவே இருக்கிறது, அதற்குமேல் காவல்துறையின் வேலை. வாளும் வில்லும் பிடித்த ஒரு குழு தெருவில் யாரையாவது நிறுத்திக் கேள்வி கேட்கத் தொடங்கினால், முதலில் பயப்படப்போவது நம்மைப்போல் நிறம் வேறானவர்கள்தான். இந்தப் பேச்சை எடுப்பவர் எவ்வளவு உற்சாகமானவராக இருந்தாலும் அன்றே மறுத்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: கார்ட் எழுதுவது, யார் வரலாம் என்பது

கில்டின் சாசனத்துக்குக் கார்ட் என்று பெயர். தலைவர் ஹோஃப்ட்மன். பொறுப்பாளர்களை டேகன் என்பார்கள், அவர்கள் பணமும் ஒழுங்கும் பார்ப்பார்கள். கொடி ஏந்துபவர் ஃபாந்திரிஹ், கொடி வீசுபவர் ஃபெண்டலியர், முரசுக்காரர் தம்பூர். உறுப்பினர்கள் ஒருவரையொருவர் கில்டுச் சகோதரர், கில்டுச் சகோதரி என்று அழைப்பார்கள். பெண்களைச் சேர்ப்பது சமீபத்திய தலைமுறைகளில் பரவியது, ஆண்கள் மட்டும் என்று வைத்திருப்பவையும் உண்டு. நாம் புதிதாக எழுதும்போது இந்தக் கதவை மூடி வைக்க எந்தக் காரணமும் இல்லை.

மதத்தைப் பற்றிய பேச்சு கட்டாயம் வரும். பிராபன்ட் கில்டுகளுக்குக் காவல் புனிதர் உண்டு, கில்டுப் பூசை உண்டு, திருச்சபைக்கும் அரசுக்கும் விசுவாசம் சொல்லும் உறுதிமொழி உண்டு. இந்துவாகவோ முஸ்லிமாகவோ இருப்பவர் என்ன செய்வது? ஜெர்மனியின் வெர்ல் பக்கம் ஸோனெர்ன் என்ற கிராமத்தில் 2014இல் நடந்ததை இங்கே எல்லோரும் அறிவார்கள். துருக்கிய வம்சாவளியைச் சேர்ந்த முஸ்லிம் ஒருவர் போட்டியில் மரப்பறவையைச் சுட்டு வீழ்த்தி ஊர்க் கில்டின் அரசரானார். ஊர்க்காரர்கள் மகிழ்ச்சியோடு ஏற்றார்கள். உறுப்பினர்கள் கிறிஸ்தவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று மேலமைப்பு எதிர்த்தது. கடைசியில் அவர் அரசராகத் தொடரலாம், ஆனால் அடுத்த கட்டப் போட்டிகளுக்குப் போகக் கூடாது என்று முடித்தார்கள். ஊர் அவரோடு நின்றது என்பது எனக்கு இன்றும் ஆறுதல். ஆனால் அவர் உறுப்பினராகிப் பறவையைச் சுட்ட பிறகு விதியைத் தூக்கிக் காட்டியது நியாயமில்லை என்றே நினைக்கிறேன்.

அதனால் இதைச் சேரும் முன்பே பேசுங்கள். "பூசைக்கு நான் வருகிறேன், அப்பம் வாங்கமாட்டேன், மரியாதையாக நிற்பேன், சரியா?" என்று நேராகக் கேளுங்கள். நான் கேட்டபோது எங்கள் ஹோஃப்ட்மன் சற்று யோசித்துவிட்டு, "பாதிப் பேர் வருடத்துக்கு ஒருமுறைதான் கோயிலுக்குப் போகிறார்கள், நீங்கள் தவறாமல் வந்தால் போதும்" என்றார். உறுதிமொழி வாசகத்தில் என் மனசாட்சிக்குப் பொருந்தாத ஒரு சொல் இருந்தது, அதை மாற்றிச் சொல்ல அனுமதி வாங்கினேன். புதிய கார்ட் எழுதுகிறீர்கள் என்றால், புனிதர் பெயரையும் பூசையையும் வைத்துக்கொண்டே, உறுப்பினருக்கு மதத் தகுதி இல்லை என்று ஒரு வரி தெளிவாக எழுதிவிடலாம். புனிதரை எடுத்துவிடச் சொல்லி நாம் கேட்பது சரியல்ல, அது அவர்கள் தாத்தாக்களின் வீடு.

ஆறாம் படி: பதிவும் அனுமதியும்

சுருக்கமாகச் சொல்கிறேன். சங்கமாக நோட்டரிஸ் முன் பத்திரம் எழுதி, வணிகப் பதிவேடான கா-ஃபே-காவில் பதியுங்கள். நோட்டரிஸ் இல்லாமலும் சங்கம் நடத்தலாம், ஆனால் அப்போது கடனுக்கு நிர்வாகிகள் சொந்தப் பொறுப்பாவார்கள், சங்கத்தின் பெயரில் நிலமோ கட்டடமோ வாங்க முடியாது. விபத்துக் காப்பீடு எடுங்கள். ஊர்வலத்துக்கும் விழாவுக்கும் நகராட்சியிடம் நிகழ்ச்சி அனுமதி கேளுங்கள், பல மாதம் முன்பே.

ஆயுத விஷயத்தில் அவசரப்படாதீர்கள். துப்பாக்கிக்குக் காவல்துறை அனுமதி, நன்னடத்தைச் சான்று, பாதுகாப்பான பெட்டகம் என்று நீண்ட வழி. கம்பத்தில் குண்டு தடுக்கும் பெட்டி கட்டாயம். குறுக்குவில் எளிது, ஆனாலும் அதைத் தெருவில் கையில் தூக்கிக்கொண்டு நடக்கக் கூடாது. சட்டப்படி எது எப்படி என்று உங்கள் பகுதிக் காவல் அதிகாரியிடமே கேட்டு எழுதி வாங்குங்கள். புதிய கில்டுக்கு என் யோசனை: முதல் சில வருடம் பக்கத்துக் கில்டின் மைதானத்தில், அவர்களுடைய பயிற்றுநர் கண்காணிப்பில் எய்யுங்கள். பணமும் மிச்சம், உறவும் வளரும்.

பணத்துக்கு நகராட்சியின் மானியம், ஆரஞ்சு நிதியம் போன்றவற்றில் விண்ணப்பிக்கலாம். மார்ச் மாதம் நாடு முழுக்க நடக்கும் என்-எல்-டூட் தன்னார்வ நாள்களில் பெயர் கொடுத்தால் கில்டுக் கொட்டகைக்கு வண்ணம் அடிக்க ஆளும் கிடைக்கும், அறிமுகமும் கிடைக்கும்.

ஏழாம் படி: முரசு, கொடி, பிறகு உடை

முதல் முரசைப் பழையதாக வாங்குங்கள். கொடி வீசுவதைப் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு முதலில் கற்றுக்கொடுங்கள், அவர்கள் மணிக்கட்டு சீக்கிரம் படியும். பயிற்சிக்குப் பழைய படுக்கை விரிப்பும் மூங்கில் கழியும் போதும். கொடியை உடலைச் சுற்றி, கழுத்தைச் சுற்றி, காலுக்கடியில் கொண்டுபோய்ச் சுழற்றும் அசைவுகளுக்கு ஒழுங்குமுறை உண்டு. முக்கிய விதி ஒன்று, சுழற்றும்போது கொடி தரையைத் தொடக் கூடாது. தாழ்த்துவது மரியாதைக்கு மட்டும். எங்கள் மகள் பதினொரு வயதில் கற்கத் தொடங்கினாள். பள்ளியில் அவளிடம் அதுவரை பேசாத உள்ளூர்ப் பிள்ளைகள் கொடியைப் பிடித்துப் பார்க்க வந்தார்கள்.

உடை மூன்றாம் வருடம் வரட்டும். அதுவரை ஒரே நிறச் சட்டையும் தோளில் ஒரு பட்டையும் போதும்.

எட்டாம் படி: அரசரைத் தேர்ந்தெடுப்பது

கில்டின் உயிர்நாடி இதுதான். கில்டுக்குக் கில்டு வேறுபடும், சிலவற்றில் வருடாவருடம், சிலவற்றில் இரண்டு முதல் நான்கு வருடத்துக்கு ஒருமுறை. ஸ்ஹுட்ஸ்போம் என்ற உயரமான கம்பத்தின் உச்சியில் மரப்பறவையை ஏற்றுவார்கள். கெட்ட ஆவிகள் விலகக் கில்டு மொத்தமும் கம்பத்தை மூன்று முறை சுற்றி வரும். பிரதட்சிணம் நினைவுக்கு வராத தமிழர் இருக்கமாட்டார். பங்குத்தந்தையும் நகராட்சித் தலைவரும் முதல் குறிகளைச் சுடுவார்கள். பிறகு உறுப்பினர்கள் முறை வைத்துச் சுடுவார்கள். சிதறல் சிதறலாக உடைந்து, கடைசித் துண்டைக் கீழே தள்ளுபவர் அரசர். பல கில்டுகளில் புதிய அரசர் கை கழுவி, வெள்ளிகள் கோத்த பட்டையைத் தோளில் ஏற்று, தரையில் விரித்த கொடியின் மேல் நடந்து வருவார். வேறு யாரும் அதை மிதிக்கக் கூடாது. தொடர்ந்து மூன்று முறை அரசரானால் பேரரசர் பட்டம். பழைய காலத்தில் பல ஊர்களில் அரசருக்கு அந்த வருடத்து வரியிலிருந்து விலக்கும் கிடைத்தது.

புதியவர்கள் கவனிக்க வேண்டியது செலவு. அரசரானால் வெள்ளிப் பட்டயம் செய்து கொடுக்க வேண்டும், விருந்தும் வைக்க வேண்டும். அது சில நூறு யூரோவைத் தாண்டும். குறிபார்க்க நிற்கும் முன் வீட்டில் பேசிவிடுங்கள். கில்டு எழுப்புபவர்களுக்கு என் வேண்டுகோள்: இந்தச் செலவுக்குக் கில்டின் பொதுப் பணத்திலிருந்து ஒரு பகுதி என்று கார்ட்டில் எழுதுங்கள். வசதியில்லாதவர் வேண்டுமென்றே குறி தவறவிடும் நிலை வரக் கூடாது. அந்தக் காலத்தில் ஏழைக்கு அடைத்த கதவை நாமும் அடைத்தவர்களாகிவிடுவோம்.

கடைசிப் படி: ஒரு வருட நாட்காட்டி, ஒரு படிவம்

ஜனவரியில் காவல் புனிதரின் நாளை ஒட்டியோ வேறு நாளிலோ டேர்டாஹ், அதாவது ஆண்டு விருந்து. ஏப்ரல் 27 அரசர் தினத்தில் கொடி வணக்கம். மே 4. கோடையில் வட்டார விழா. செப்டம்பர் 18 ஐந்தோவன் விடுதலை நாள், 1944இல் நகரம் விடுபட்ட நாள், அந்தப் பகுதிக் கில்டுகள் சேரலாம். நவம்பரில் பிள்ளைகளுக்காக, பரிசு கொண்டுவரும் புனிதரான சின்டர்கிளாஸ் வருகை. இதற்கு மேல் முதல் வருடத்தில் எதையும் சேர்க்காதீர்கள். கொஞ்சமாக இருந்தாலும் ஒன்றும் தவறக் கூடாது.

சேரும் நாளில் ஒவ்வொருவரிடமும் ஒரு படிவம் வாங்குகிறோம். பெயர், பிறந்த நாள், அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும், எந்த வேலை தெரியும். கடைசிக் கேள்வி, உங்கள் இறுதிச் சடங்குக்குக் கில்டு எப்படி வர வேண்டும் என்பது. சிலர் தேவாலயம் என்று எழுதுகிறார்கள், சிலர் கொடி போதும் முரசு வேண்டாம் என்கிறார்கள். நான் தகனக் கூடம் என்று எழுதினேன். ஹோஃப்ட்மன் படித்துவிட்டு, "வாய்க்கரிசி என்று ஏதோ போடுவீர்களாமே, அது கொடிக்கு முன்னாலா பின்னாலா?" என்று கேட்டார். எனக்கும் உடனே பதில் தெரியவில்லை. ஊரில் அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். முதலில் நம் சடங்கு முடியட்டும், பெட்டியை மூடிய பிறகு கொடி என்று அம்மா சொன்னார். படிவத்தில் அப்படியே எழுதி வைத்திருக்கிறார்கள்.